அணையில் தண்ணீர் இறங்கினால் மீன் எங்கே போகிறது?

நீங்கள் கேட்டிருப்பது மேலோட்டமாகப் பார்த்தால் மூன்று கேள்விகள். இரண்டு மாதமாக நீர்த்தேக்கத்தில் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருக்கிறது, போன வருடம் கை வலிக்க மீன் பிடித்த அதே கரையில் இப்போது தக்கை அசையவே மாட்டேன் என்கிறது, மீன் செத்துவிட்டதா என்பது ஒன்று. சாகவில்லை என்றால் எங்கே போனது என்பது இரண்டு. அணையை எப்போதும் நிரப்பியே வைத்திருந்தால் மீன் பெருகாதா என்பது மூன்று. ஆனால் மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: அணையின் நீர்மட்ட அளவுகோலில் தெரிகிற எண்ணைப் பார்த்து மீனைப் பற்றி ஏதாவது சொல்லிவிட முடியுமா? எண் மட்டும் தெரிந்தால் பெரிதாக எதுவும் சொல்ல முடியாது. அது ஏறுகிறதா இறங்குகிறதா, என்ன வேகத்தில், எந்தப் பருவத்தில் என்பதும் சேர்ந்து தெரிந்தால் நிறையவே சொல்லலாம். நீர்த்தேக்கங்களில் சோதனை வலை போட்டு, மீனை அளந்து, எடை போட்டு, வயிற்றைக் கீறிப் பார்த்து வருடக்கணக்கில் வேலை செய்தவன் நான். தூண்டிலும் போடுவேன், அதில் உங்களைவிடத் தேர்ந்தவன் என்று சொல்ல மாட்டேன்.

முதலில் செத்துவிட்டதா என்பது. அநேகமாக இல்லை. ஒரு நீர்த்தேக்கத்தில் மீன் மொத்தமாகச் செத்தால் அது யாருக்கும் தெரியாமல் நடக்காது, கரையோரம் வெள்ளையாக மிதக்கும், இரண்டாம் நாள் நாற்றம் எடுக்கும், பறவைகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். நீங்கள் அதில் எதையும் எழுதவில்லை. தண்ணீர் மெல்ல இறங்கும்போது மீனும் கூடவே இறங்கிப் போய்விடும், பள்ளங்களில் தனியாக மாட்டிக்கொண்ட குட்டைகளில்தான் சாவு நடக்கும். அதிலும் விரால் மாதிரி காற்றை நேரடியாகச் சுவாசிக்கிற மீன்கள் முழங்கால் அளவு சேற்றுத் தண்ணீரில்கூடத் தாக்குப்பிடிக்கும், மற்றவைதான் முதலில் போகும்.

ஆனால் எவ்வளவு தண்ணீர் குறைந்திருக்கிறது என்பதை நம் கண் எப்போதும் குறைத்தே மதிப்பிடும். நீர்த்தேக்கம் என்பது தொட்டி மாதிரி நேர்ச்சுவர் கொண்டது இல்லை, மேலே அகலமாகவும் அடியில் குறுகலாகவும் இருக்கும். ஒரு கணக்குக்காகத் தலைகீழான கூம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 மீட்டர் ஆழத்தில் 10 மீட்டர் இறங்கினால், மூன்றில் ஒரு பங்குதானே போனது என்று தோன்றும், உண்மையில் மிச்சம் இருக்கிற தண்ணீர் மொத்தத்தில் சுமார் 30 சதவீதம்தான், நீர்ப்பரப்பு சுமார் 44 சதவீதம். பாதி ஆழத்துக்கு இறங்கினால் எட்டில் ஒரு பங்கு தண்ணீர்தான் இருக்கும். எந்த அணையும் கச்சிதமான கூம்பு இல்லை, அதனால் எண்கள் மாறும், போக்கு மாறாது. 10 மீட்டர் இறங்கிய அந்த நிலையில் அத்தனை மீனும் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்த தண்ணீருக்குள் நெருக்கி அடைபட்டிருக்கும்.

அப்படியானால் முன்பைவிட அதிகமாகத்தானே கிடைக்க வேண்டும்? சில இடங்களில் அப்படித்தான் கிடைக்கும், நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடம் அது இல்லை என்பதுதான் விஷயம். நீர்த்தேக்கத்தின் கரையோரப் பட்டைதான் அதன் அடுக்களை. வெளிச்சம் அடி வரை இறங்கும், பாசியும் செடியும் முளைக்கும், புழுவும் நத்தையும் பூச்சிக் குஞ்சுகளும் அங்கேதான், மீன்குஞ்சுகள் ஒளிந்துகொள்வதும் அங்கேதான். தண்ணீர் இறங்கும்போது இந்தப் பட்டை முழுதும் வெளியே வந்து காய்ந்துபோகிறது. உங்கள் கரை எவ்வளவு சரிவு என்பதைப் பொறுத்து இதன் கடுமை மாறும்: 100 மீட்டருக்கு 1 மீட்டர் சரிகிற தட்டையான கரையில் மட்டம் 1 மீட்டர் இறங்கினால் தண்ணீர் 100 மீட்டர் பின்னால் போய்விடும், செங்குத்தான பாறைக் கரையில் அதே 1 மீட்டருக்கு இரண்டு எட்டுகூடப் போகாது. போன வருடம் உங்களுக்கு அள்ளிக் கொடுத்தது தட்டையான புல் கரையாக இருந்திருந்தால், அது தண்ணீரில் மூழ்கியிருந்த புல் கொடுத்த மீன். இப்போது அந்தப் புல் வெயிலில் கிடக்கிறது, நீங்கள் வெறும் சேற்றின் விளிம்பில் தூண்டில் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

சரி, எங்கே போனது. மூழ்கிய பழைய ஆற்றுத்தடம் என்று ஒன்று அநேகமாக எல்லா நீர்த்தேக்கத்திலும் உண்டு, அணை கட்டுவதற்கு முன் ஆறு ஓடிய பள்ளம். அதில் வந்து சேரும் ஓடைகளின் தடங்களும் அடியில் கிளை மாதிரி இருக்கும். தண்ணீர் இறங்கும்போது மீன் இந்தப் பள்ளங்களின் விளிம்புக்குத்தான் முதலில் ஒதுங்கும், நடுப்பள்ளத்துக்கு இல்லை, விளிம்புக்கு, அதாவது தட்டையான தரை சட்டென்று சரிகிற இடத்துக்கு. அதிலும் அந்த விளிம்பில் ஒரு மரத்தூரோ, பாறைக் குவியலோ, பழைய பாலத்தின் மிச்சமோ இருந்தால் அங்கே கூட்டமாக நிற்கும். தண்ணீருக்குள் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டு போகிற மேட்டு நிலத்தின் நுனியும் நல்ல இடம், ஆழமும் மேடும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால்.

ஆழத்துக்குப் போகும் என்றதும் நேராக அணைச்சுவர் ஓரம் போய் 20 மீட்டருக்கு ஈயக் குண்டை இறக்கிவிடாதீர்கள். வெயில் காலத்தில் தேங்கிய தண்ணீர் அடுக்கு அடுக்காகப் பிரிந்து நிற்கும்: மேலே சூடான, லேசான தண்ணீர், கீழே குளிர்ந்த, கனமான தண்ணீர், இரண்டும் கலக்காது. அடியில் மட்கும் பொருள்கள் பிராணவாயுவைத் தின்றுகொண்டே இருக்கும், மேலிருந்து புதிதாக எதுவும் இறங்காது. கரைந்த பிராணவாயு லிட்டருக்கு 2, 3 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பெரும்பாலான மீன்கள் அங்கே நிற்காது. நாங்கள் வெவ்வேறு ஆழங்களில் வலை கட்டிப் பார்க்கும்போது மேல் வலையில் மீன் அடைத்துக்கொண்டு வரும், அடி வலை புதிதாக வாங்கிய மாதிரி சுத்தமாக வரும், அழுகிய முட்டை வாசனை மட்டும் கூடவே வரும். அதனால் அந்தக் காலத்தில் மீனுக்கு மேலே வெப்பம், கீழே மூச்சுத் திணறல், இரண்டுக்கும் நடுவில் ஒரு பட்டைதான் வாழ இடம். தண்ணீர் இறங்கும்போது அந்தப் பட்டையும் சுருங்கும். அடி மதகு வழியாகத் திறக்கிறார்களா, மேல் மதகு வழியாகத் திறக்கிறார்களா என்பதைப் பொறுத்தும் இது மாறும், அடியில் திறந்தால் குளிர்ந்த தண்ணீர்தான் முதலில் போகும்.

வேகமாக இறங்கும் நாட்களில் மீன் சரியாகக் கடிப்பதில்லை என்பது தூண்டில்காரர்கள் எல்லோரும் சொல்வது, என் அனுபவமும் அதுதான். இடம் மாறிக்கொண்டிருக்கிற மீன் இரை எடுக்க நிற்பதில்லை என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம், பொருத்தமாகத்தான் தோன்றுகிறது, ஆனால் இதை நிரூபிக்கப்பட்டது என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஒரு நாளைக்கு இத்தனை சென்டிமீட்டருக்கு மேல் இறங்கினால் கடிக்காது என்று யாராவது துல்லியமாக எண் சொன்னால், அது அவருடைய அணையில் அவருடைய மீனுக்குச் சரியாக இருக்கலாம், அவ்வளவுதான். இறங்குவது நின்று நான்கைந்து நாள் மட்டம் அசையாமல் இருந்தால் மறுபடி போய்ப் பாருங்கள். மின் உற்பத்திக்காகத் தண்ணீர் விடுகிற அணைகளில் வேறொரு கணக்கு உண்டு, எந்திரம் ஓடும் நேரத்தில் தண்ணீரில் ஒரு மெல்லிய ஓட்டம் கிளம்பும், அந்த ஓட்டம் உரசுகிற மேட்டு நுனிகளில் மீன் இரைக்காகக் காத்து நிற்கும்.

இனி உங்கள் கேள்வியில் இல்லாத, ஆனால் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிற பகுதி: இனப்பெருக்கம். தண்ணீர் இறங்கிய சேற்றில் நடந்து பார்த்தால் ஒரு காட்சி கிடைக்கும், சோற்றுத் தட்டு அளவில் வட்ட வட்டமாகப் பள்ளங்கள், பக்கத்துப் பக்கத்தில் இருபது முப்பது, ஒவ்வொன்றின் விளிம்பும் விரலால் வழித்துவிட்ட மாதிரி மேடாக இருக்கும். திலேப்பியாவின் கூடுகள். ஆண் மீன் வாயாலும் வாலாலும் தோண்டியவை. பார்த்தவுடன், ஐயோ இத்தனை கூடும் வீணாகிவிட்டதே என்று தோன்றும். ஆனால் பெரும்பாலான நீர்த்தேக்கங்களில் இருக்கிற திலேப்பியா வகைகளில் தாய் முட்டையை வாயில் அள்ளிக்கொண்டு போய்விடும், குஞ்சு பொரிவதும் வாய்க்குள்தான். தண்ணீர் இறங்கினால் அதற்குப் போவது ஒரு பள்ளம், அவ்வளவுதான். வாய் நிறையக் குடும்பத்தோடு இடம் மாறிவிடும். மட்டம் ஏறி இறங்குகிற அணைகளில் திலேப்பியா நிலைத்து நிற்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

சாதாக் கெண்டையின் கதை நேர் எதிர். முழங்கால் ஆழம்கூட இல்லாத தண்ணீரில், மூழ்கிய புல்லிலும் செடியிலும் அது முட்டைகளை ஒட்டிவிட்டுப் போய்விடும். பொரிக்கச் சில நாட்கள் ஆகும். அந்தச் சில நாட்களில் தண்ணீர் அரை மீட்டர் இறங்கினால் மொத்த முட்டையும் வெயிலில் காயும். இதையே ஆயுதமாகப் பயன்படுத்தியும் பார்த்திருக்கிறார்கள், அமெரிக்காவில் தெற்கு டகோட்டாவின் ஃபோர்ட் ராண்டால் நீர்த்தேக்கத்தில், கெண்டை அளவுக்கு மீறிப் பெருகாமல் இருப்பதற்காக, அது முட்டை இடும் பருவத்தில் வேண்டுமென்றே மட்டத்தை இறக்கி 1950களில் சோதனை செய்தார்கள். அமெரிக்க நன்னீர் வேட்டை மீனான பாஸ் கரையோரத்தில் கூடு கட்டும், ஆண் மீன் காவல் இருக்கும், மட்டம் விறுவிறுவென்று இறங்கினால் காவலும் போகும் கூடும் போகும். கட்லாவும் ரோகுவும் வேறு ரகம், தேங்கிய தண்ணீரில் அவை முட்டை இடுவதில்லை, வெள்ளம் புரண்டு வரும் ஆற்று ஓட்டம் வேண்டும். அதனால் அவற்றுக்கு அணையின் மட்டத்தைவிட மேலே ஆற்றிலிருந்து வருகிற வரத்துதான் முக்கியம், பல இடங்களில் குஞ்சு வாங்கிவிட்டால்தான் உண்டு. ஆக, தண்ணீர் இறங்கியது நல்லதா கெட்டதா என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடையாது, எந்த மீனுக்கு, எந்த மாதத்தில் என்று சேர்த்துக் கேட்க வேண்டும். நீங்கள் எந்த மீனைப் பிடிக்கப் போகிறீர்கள் என்று எழுதாததால், இந்த இடத்தில் என்னால் பொதுவாகத்தான் சொல்ல முடிகிறது.

எப்போதும் நிரப்பியே வைத்தால் என்ன என்று கேட்டீர்கள். கேட்க நியாயமாக இருக்கிறது, ஆனால் மீனுக்கு அது அவ்வளவு நல்லது இல்லை. புதிதாகக் கட்டிய அணைகளில் முதல் சில வருடங்கள் மீன் கொட்டும், அப்புறம் விளைச்சல் படிப்படியாக இறங்கி ஒரு மட்டத்தில் நின்றுவிடும், உலகம் முழுதும் திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்ட விஷயம் இது. காரணம், முதல் வெள்ளத்தில் மூழ்குவது வெறும் தரை அல்ல, புல்லும் புதரும் இலைச்சருகும் மண்புழுவும் எறும்புப் புற்றும் நிறைந்த நிலம். அத்தனையும் ஒரே நேரத்தில் தண்ணீருக்கு எருவாகவும் மீனுக்குச் சாப்பாடாகவும் மாறுகிறது, குஞ்சுகளுக்கு ஒளிய இடமும் கிடைக்கிறது. அது கரைந்து தீர்ந்ததும் விருந்து முடிந்தது. தண்ணீர் இறங்கி, வெளியே வந்த சேற்றில் புல் முளைத்து, மறுபடி தண்ணீர் ஏறி அந்தப் புல்லை மூழ்கடிக்கும்போது அந்த விருந்தின் ஒரு சின்னப் பதிப்பு நடக்கிறது. அப்படி ஏறுகிற வாரத்தில் பிடித்த கெண்டையின் குடலைக் கீறிப் பார்த்தால் நீர்ப்பூச்சி தேட வேண்டியிருக்கும், அதில் இருப்பதெல்லாம் மண்புழு, புல் விதை, வண்டு. நிலத்துச் சாப்பாடு.

ஆப்பிரிக்காவின் கரிபா நீர்த்தேக்கம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1958 டிசம்பரில் ஆற்றை அடைத்தார்கள், 1963இல் நிரம்பியது, நிரம்பும் வருடங்களில் அதுவும் இதே ஆரம்ப எழுச்சியைக் கண்டது. பின்னாளில் மீன்பிடிப்புக் கணக்கையும் நீர்மட்டக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்கு, சராசரி மட்டம் எவ்வளவு என்பதைவிட அந்த வருடம் மட்டம் எவ்வளவு ஏறி இறங்கியது என்பதோடுதான் விளைச்சல் நெருக்கமாக ஒத்துப்போனது. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் 1970களில் இதைத் திட்டம் போட்டே செய்தார்கள்: கோடையில் மட்டத்தை இறக்கி, வெளியே வந்த சேற்றுத் திட்டுகளில் செடி முளைக்க விட்டு, சில இடங்களில் விதையும் தூவி, பிறகு தண்ணீரை ஏற்றி அதை மூழ்கடித்தார்கள். ஒரே மட்டத்தில் வருடக்கணக்கில் நிற்கும் நீர்த்தேக்கத்தில் அலை ஒரே கோட்டில் அடித்துக் கரையை அரிக்கும், அடிச்சேறு ஒருபோதும் காய்ந்து இறுகாது, சில இடங்களில் நீர்ச்செடிகள் படகே போக முடியாத அளவுக்கு அடர்ந்துவிடும்.

இதற்காக ஏற்ற இறக்கம் எல்லாமே வரம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மின் உற்பத்திக்காகத் தினமும் ஒரு மீட்டர் ஏறி இறங்குகிற அணையின் கரையில் புல்லும் வராது, புழுவும் தங்காது, காயவும் நேரமில்லை, முளைக்கவும் நேரமில்லை. வருடக்கணக்கில் இறங்கிக்கொண்டே போவதும் வேறு விஷயம். அமெரிக்காவின் மீட் நீர்த்தேக்கம் 1983இல் உபரிநீர் வழியும் அளவுக்கு நிரம்பியிருந்தது, 2022 ஜூலையில் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,040 அடிக்கு இறங்கியது, 1930களில் முதன்முதலாக நிரப்பப்பட்ட பிறகு அதுவரை அவ்வளவு கீழே போனதில்லை. பாறையில் வெள்ளை வளையம் மாதிரிப் படிந்த உப்புக் கோடு அப்போது எடுத்த படங்களில் தெரியும். அங்கே மீன்பிடிக்கப் போகிறவர்களைக் கண்கூடாக அடித்தது படகு இறக்கும் தளங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டதுதான், தண்ணீர் தளத்தின் நுனியைத் தாண்டிப் போய்விட்டது. மீன் இருக்கிறதா என்ற கேள்விக்கு முன்னால் மீனிடம் போய்ச் சேர முடியுமா என்ற கேள்வி வந்துவிடுகிறது. இன்னொன்றும் உண்டு, அணையைத் திறப்பதும் மூடுவதும் மீனை நினைத்து நடப்பதில்லை, பாசனம், குடிநீர், வெள்ளத் தடுப்பு, மின்சாரம் எல்லாம் முடிந்த பிறகுதான் மீன், தூண்டில் போடுகிற நாம் அதற்கும் பின்னால்.

உங்கள் கணக்கு இடிக்கிற இன்னொரு இடம் உண்டு. இன்று தூண்டிலில் வருகிற மீன் இன்று பிறந்தது இல்லை. கைக்கு அடக்கமான ஒரு மீன் இரண்டு மூன்று வருடத்துக்கு முந்தைய முட்டைப் பருவத்தின் விளைச்சல். மீனின் தலைக்குள் இருக்கும் காதுக்கல்லை எடுத்து, தேய்த்து, பூதக்கண்ணாடியில் வளையங்களை எண்ணி வயது பார்ப்போம், மரத்தில் பார்ப்பது மாதிரிதான், வெப்ப நாடுகளில் வளையம் அவ்வளவு தெளிவாக விழாது என்பது ஒரு தலைவலி. அப்படி நூறு மீனை எண்ணினால் சில சமயம் ஒரு வயது மட்டும் ஏறக்குறைய காணாமலே போயிருக்கும். அந்த வருடத்து நீர்மட்டக் குறிப்பைப் புரட்டினால் முட்டைப் பருவத்தில் ஒரு பெரிய இறக்கம் பதிவாகியிருப்பதை ஒரு முறைக்கு மேல் பார்த்திருக்கிறேன். எப்போதும் இல்லை, குளிர், புயல், இரைப் பஞ்சம் என்று வேறு காரணங்களும் உண்டு. ஆக, இந்த இறக்கத்தின் உண்மையான பலனை நீங்கள் இந்த மாதம் பார்க்கப் போவதில்லை, இரண்டு மூன்று வருடம் கழித்துத்தான் பார்ப்பீர்கள்.

இதோடு சேர்ந்த ஒரு ஏமாற்றும் உண்டு. தண்ணீர் சுருங்கி மீன் ஒரே பள்ளத்தில் குவிந்திருக்கும்போது, இடம் தெரிந்தவனுக்கு அள்ளி அள்ளிக் கிடைக்கும், ஆகா எவ்வளவு மீன் பெருகிவிட்டது என்பான். தண்ணீர் ஏறி அதே மீன் நான்கு மடங்கு பரப்பில் பரவினதும், மீனே இல்லை, எல்லாம் போச்சு என்று அவனே புலம்புவான். எண்ணிக்கை மாறியிருக்காது, அடர்த்திதான் மாறியிருக்கும். குவிந்திருக்கும் அந்த நாட்களில் கண்ணில் படும் சினைமீனைத் திருப்பி விட்டுவிடுங்கள், அது உங்கள் அடுத்த சில வருடத் தூண்டில்.

நிலா, காற்றழுத்தம் பற்றியும் கேட்டு யாராவது கீழே எழுதுவார்கள் என்று தெரியும். காற்றழுத்தத்தைப் பற்றி எனக்கு நம்பிக்கை குறைவு, தண்ணீரில் ஒரு கைநீளம் கீழே போனாலே மீனுக்கு அழுத்தம் வானிலையால் மாறுவதைவிட அதிகமாக மாறிவிடுகிறது. அழுத்தத்தோடு சேர்ந்து வருகிற காற்றும் மேகமும் வெளிச்சமும்தான் வேலை செய்கிறது என்று நினைக்கிறேன்.

இப்போது செய்யக்கூடியது இரண்டு. தினசரி நீர்மட்டம், வரத்து, திறப்பு மூன்றும் எங்கே வெளியிடப்படுகிறது என்று பார்த்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், பக்கத்தில் அன்று எங்கே, எவ்வளவு ஆழத்தில், என்ன இரையில் என்ன கிடைத்தது என்றும் எழுதுங்கள். ஒரு முழு வருடம் எழுதிவிட்டால் உங்கள் அணையைப் பற்றி என்னைவிட உங்களுக்கு அதிகம் தெரிந்திருக்கும். இரண்டாவது, தண்ணீர் இறங்கிக் கிடக்கும் இந்த வாரங்களைத் தூண்டிலுக்குப் பதில் நடப்பதற்குப் பயன்படுத்துங்கள். மரத்தூர் எங்கே, பாறை எங்கே, ஓடைத்தடம் எங்கே வளைகிறது, பழைய சாலை எங்கே தண்ணீருக்குள் இறங்குகிறது, எல்லாவற்றையும் கரையிலிருக்கும் ஏதாவது ஓர் அடையாளத்தோடு சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள். தண்ணீர் திரும்பி ஏறும்போது, புதிதாக மூழ்குகிற புல்லின் விளிம்பிலும், கலங்கின தண்ணீரும் தெளிந்த தண்ணீரும் சந்திக்கிற கோட்டிலும் மண்புழுவோடு உட்காருங்கள். ஆனால் நடக்கும்போது மேலே வெடித்துக் காய்ந்த சேற்றை நம்பாதீர்கள், தண்ணீருக்குப் பக்கத்தில் போகப் போக அந்தக் காய்ந்த தோலுக்கு அடியில் இடுப்பளவு களி இருக்கும், ஒரு முறை மாட்டி, ஒரு செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வந்தவன் சொல்கிறேன். கையில் ஒரு நீளக் கழி, கூட ஓர் ஆள்.